நிகழ்தகவு மாதிரிகள் பாடம்: கணக்கு வருகிறது, எங்கே தொடங்குவது என்பதுதான் வரவில்லை

கடைசிபெஞ்சு:
ஆபரேஷன்ஸ் ரிசர்ச் முதுகலை, முதல் வருடம். அடிப்படை நிகழ்தகவுப் பாடம் நன்றாகவே போனது, தொகையிடல் எல்லாம் பிரச்சினை இல்லை. இந்த மாதிரிகள் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: இரண்டு கவுன்டர், இரண்டிலும் ஆள் இருக்கிறார்கள், நீங்கள் மூன்றாவதாகக் காத்திருக்கிறீர்கள், எது முதலில் காலியானாலும் அங்கே போகலாம், சேவை நேரம் எல்லோருக்கும் ஒரே எக்ஸ்பொனென்ஷியல் பரவல். மூவரில் கடைசியாக வெளியேறுவது நீங்களாக இருக்க நிகழ்தகவு என்ன? இரட்டைத் தொகையிடல் போட்டு ஒரு பக்கத்துக்கு இழுத்து 1/2 என்று கொண்டுவந்தேன். விடைக்குறிப்பில் இரண்டே வரி. அந்த இரண்டு வரி எப்படித் தோன்றுகிறது? அப்புறம் க்யூ (வரிசையில் காத்திருப்பது) சூத்திரங்களை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?

லேம்டா_மியூ:
பேனாவை எடுப்பதற்கு முன்னால் ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள், பாதிப் பாடம் அதுதான். ஒரு கவுன்டர் காலியாகிறது, நீங்கள் போய் நிற்கிறீர்கள். பக்கத்துக் கவுன்டரில் இருப்பவர் எவ்வளவு நேரமாக இருந்தாலும் அவருக்கு மீதமுள்ள நேரத்தின் பரவல் உங்களுடையதேதான், எக்ஸ்பொனென்ஷியலுக்குப் பழைய நினைவே கிடையாது. ஆக அந்த நொடியில் இருவரும் சமம், விடை 1/2, தொகையிடலுக்கு வேலையே இல்லை. புரிந்ததா என்று பார்க்க, ஒரு கவுன்டர் மற்றதைவிட மூன்று மடங்கு வேகம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்.

மார்க்கோவ் சங்கிலியிலும், அதாவது அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்த மாதிரியிலும், இதே கதைதான். நாளையைச் சொல்ல இன்று எதை நினைவில் வைத்திருந்தால் போதும்? அதுதான் நிலை. கிடங்கில் ஆர்டர் போட்ட அன்றே சரக்கு வந்துவிடும் என்றால் கையிருப்பு மட்டும் போதும், வந்து சேர இரண்டு நாள் ஆகுமென்றால் வழியில் இருக்கும் சரக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான், சமன்பாட்டைத் தீர்ப்பதில் இல்லை.

எண்ணிப்பார்:
மனப்பாடம் வேண்டாம். லிட்டில் விதி ஒன்று போதும், உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை = வருகை வீதம் × ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரம். 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்தது, இதற்கு எக்ஸ்பொனென்ஷியலும் தேவையில்லை, பாய்சானும் (ஒருவர் வருகைக்கும் இன்னொருவர் வருகைக்கும் தொடர்பில்லாத தற்செயல் வருகை) தேவையில்லை. எம்/எம்/1இல் (பாய்சான் வருகை, எக்ஸ்பொனென்ஷியல் சேவை, ஒரே கவுன்டர்) மணிக்கு 10 பேரைக் கவனிக்கும் கவுன்டருக்கு 8 பேர் வந்தால் உள்ளே சராசரியாக 8/(10−8) = 4 பேர், அப்படியானால் ஒருவருக்கு அரை மணி நேரம். 9 பேர் வந்தால் உள்ளே 9 பேர், ஒரு மணி. 9.5 ஆனால் 19 பேர், இரண்டு மணி. கவுன்டருக்கு அப்போதும் 5 சதவீத நேரம் சும்மா இருக்கிறது! இந்த வளைவை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள், சூத்திரம் தானாக நிற்கும்.

ஒரு விஷயத்தில் லேம்டா_மியூவோடு கொஞ்சம் முரண்படுகிறேன். நினைவின்மையை எல்லா இடத்திலும் நம்பிவிடக் கூடாது. வருகைக்குப் பெரும்பாலும் பொருந்தும், தொலைபேசி அழைப்புகளுக்கு டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் 1909லேயே பாய்சானைக் காட்டிவிட்டார். சேவை நேரம் அப்படியில்லை. மேலே சொன்ன 8 பேர் கணக்கில் கவனிக்கப்படும் முன் காத்திருப்பு மட்டும் 24 நிமிடம். சேவை எல்லோருக்கும் சரியாக 6 நிமிடம் என்று மாற்றினால் அது 12 ஆகிவிடும், சராசரி வேகத்தைத் தொடவே இல்லை, ஏற்ற இறக்கத்தை மட்டும்தான் எடுத்தோம்.

லேம்டா_மியூ:
சரிதான், தேர்வில் ‘எக்ஸ்பொனென்ஷியல்’ என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்.

கடைசிபெஞ்சு:
போட்டேன். முதலில் வேகமான கவுன்டர் காலியாக 3/4, நான் அங்கே போய்விட்டால் மெதுவானவர் எனக்கு முன் முடிக்க 1/4. மறுபக்கம் 1/4 × 3/4. மொத்தம் 3/8. அரை வரிகூட ஆகவில்லை. ஒரே வேகத்தில் மூன்று கவுன்டர், மூன்றிலும் ஆள் என்றால் 1/3, இல்லையா?

லேம்டா_மியூ:
ஆமாம், 1/3.