‘பொதுக் கடன் உரிமை’க்கு மாற்றாக: இரவலீட்டுரிமை

வணக்கம்.

நூலகங்கள் இரவல் கொடுக்கும் நூல்களுக்காக எழுத்தாளருக்கு அரசு பணம் செலுத்தும் ஏற்பாட்டுக்கு (ஆங்கிலத்தில் Public Lending Right) ‘பொதுக் கடன் உரிமை’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருந்தது. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது சரியாகவே படும். ஆனால் மத்திய வங்கி அறிக்கைகளில் அரசு பட்ட கடனைப் ‘பொதுப்படுகடன்’ என்று படித்துப் பழகிய இலங்கையருக்கு, எழுத்தாளருக்கும் திறைசேரிக்கும் இடையே ஏதோ கொடுக்கல் வாங்கல் இருப்பதாகவே அது ஒலிக்கும்.

யாழ்ப்பாணத்தில் நாம் நூலகப் புத்தகத்தைக் கடனாக எடுப்பதில்லை, இரவலாகவே எடுக்கிறோம். உசாத்துணைப் பகுதி, இரவல் வழங்கும் பகுதி என்ற பிரிவுகளுக்குள் வளர்ந்தவர்கள் வேறு சொல் தேட வேண்டியதில்லை. பொருளிலும் வேறுபாடு உண்டு. கடன் வாங்கிய அரிசிக்கு வேறு அரிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். இரவல் வாங்கிய உலக்கையென்றால் அதே உலக்கையைத்தான் கொடுக்க வேண்டும்.

ஆயினும் ‘இரவல் உரிமை’ என்று நிறுத்தினால், அது வாசகர் புத்தகம் எடுக்கும் உரிமையாகிவிடும். இங்கே உரிமை எழுத்தாளருடையது. டென்மார்க் 1946இல் தொடங்கிவைத்த இம்முறை பிரித்தானியாவில் 1979இல் சட்டமாகி, 1984இல் முதற் கொடுப்பனவாக வந்தது. அங்கே வாசகரும் நூலகமும் எதுவும் செலுத்துவதில்லை. மாதிரியாகத் தெரிந்தெடுத்த நூலகங்களின் இரவல் பதிவுகளிலிருந்து நாடு முழுவதற்குமான எண்ணிக்கையை மதிப்பிட்டு, அரசு ஒதுக்கிய நிதியிலிருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண் என்ற உச்ச வரம்புக்குள் பகிர்ந்தளிக்கிறார்கள். ஆகவே ‘வாடகை’, ‘கட்டணம்’ இரண்டும் பொருந்தா. விற்பனைக்காகப் பதிப்பாளர் தரும் ‘உரிமைத்தொகை’யும் இதுவன்று. ‘உதவித்தொகை’ என்பதை நான் அடியோடு மறுப்பேன். இந்த உரிமைக்காகப் பிரித்தானிய எழுத்தாளர்களான பிரிஜிட் புரோஃபியும் மொறீன் டஃபியும் ஆண்டுக்கணக்கில் போராடியது உதவிக்காக அல்ல.

நட்டஈடு என்பதில் உள்ள ‘ஈடு’ நமக்குப் பயன்படும். ஓர் இரவலுக்கு ஈடாக வரும் பணம் ‘இரவலீடு’, அதைப் பெறும் உரிமை ‘இரவலீட்டுரிமை’ என்பது என் முன்மொழிவு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கனடாவும் அவுஸ்திரேலியாவும் எத்தனை முறை இரவல் போனது என்று பார்ப்பதில்லை. நூலகங்களில் அந்த நூல் இருக்கிறதா, எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்றே பார்க்கின்றன. அப்படியானால் ‘நூலக ஈடு’ அல்லவா பொதுப்பெயர் என்று கேட்கலாம். நானும் சில நாள் அதையே விரும்பினேன், புணர்ச்சி விதிப்படி எழுதிப் பார்க்கும் வரையில். ‘நூலகவீட்டுரிமை’ என்பதைப் படிப்பவர் நூலகருக்கு அரசாங்க விடுதி கொடுக்கிறார்கள் என்று நினைப்பார். அதைவிட, தட்டில் இருக்கும் நூலுக்குப் பணம் தருவதும் அது இரவல் போகக்கூடியது என்பதாலேயே. எனவே பொதுப்பெயரை மாற்றாமல், கணக்கிடும் முறையை மட்டும் ‘இருப்பு அடிப்படை’, ‘எடுப்பு அடிப்படை’ என்று பிரிக்கலாம்.

மின்னூலில் மட்டும் என் உலக்கை உவமை முறிந்துவிடுகிறது. பிரித்தானியாவில் 2018 யூலை முதல் தொலைவிலிருந்து எடுக்கப்படும் மின்னூல்களும் கணக்கில் சேர்கின்றன. அங்கே எதுவும் திரும்பி வருவதில்லை, தவணை முடிந்ததும் கோப்பு திறக்காமற் போகிறது, அவ்வளவுதான். தவணை இருக்கும்வரை அதையும் இரவல் என்றே கொள்ளலாம் என்பது என் எண்ணம். நூலகப் பணியில் இருப்பவர்கள் மின்னூலுக்கு வேறு சொல்லைப் புழங்கினால் அறியத் தாருங்கள்.