மறு: பழைய படங்களில் ஆளை அறிவதற்கு என்ன சொல்?

எல்லாருக்கும் வணக்கம்.

பழைய படத்தில் இருப்பவர் யார் என்று கண்டறிவதைக் குறிக்கும் 'ஐடென்டிஃபிகேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் குழுவில் இதுவரை அடையாளங்காணல், இனங்காணல், பெயரிடல் என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றுமே வேறு இடங்களில் நன்றாகப் பொருந்தும். ஆனால் நாம் தமிழாக்க எடுத்திருப்பது கனடாவின் வடகோடியில் எடுக்கப்பட்ட, அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பழைய படங்களுக்கான விவரக்குறிப்புகளை. அங்கே அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால் இந்த மூன்றும் ஏன் இடறுகின்றன என்று தெரியும்.

2002இல் கனடாவின் தேசிய ஆவணக் காப்பகமும் ஒட்டாவாவில் இனுயிட் இளைஞர்களுக்காக நடக்கும் நுனாவுட் சிவுனிக்சாவுட் என்ற படிப்பு மையமும் இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் வடபகுதியான நுனாவுட்டின் அரசும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. ரிச்சர்ட் ஹாரிங்டன் என்ற புகைப்படக்காரர் 1940களின் கடைசியிலும் 1950களின் தொடக்கத்திலும் இக்லூலிக், பாட்லே போன்ற இடங்களில் எடுத்த படங்களை முதலில் எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் அவற்றை மடிக்கணினியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்கள் முன்னால் வைத்துக் கேட்டார்கள். இது யார், எந்த இடம், பக்கத்தில் நிற்பது யார் பிள்ளை என்று. முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் வந்தது, கூடவே உறவும் வந்தது. இதில் அவசரமும் இருந்தது, ஏனென்றால் அந்த முகங்களை நேரில் பார்த்த தலைமுறை போய்க்கொண்டிருந்தது.

இனங்காணல் நம் ஈழத்து நண்பர்கள் நாள்தோறும் எழுதும் சொல், நோய்க்கும் பயிருக்கும் பிரச்சினைக்கும் நானும் அதையே எழுதுவேன். இங்கே மட்டும் வேண்டாம் என்கிறேன். பழைய படக்குறிப்புகளில் இருந்ததே இனம் மட்டும்தான்: 'எஸ்கிமோ பெண்', 'குழந்தையுடன் பூர்வகுடித் தாய்', அவ்வளவுதான். 1950இல் பாட்லேயில் காரிபு மான்கள் வராமல் ஜனங்கள் பட்டினியில் கிடந்தபோது ஹாரிங்டன் எடுத்த, ஒரு தாய் தன் பிள்ளையின் மூக்கோடு மூக்கு வைத்திருக்கும் படத்தை உலகமே பார்த்தது. அந்தத் தாய்க்கு ஒரு பெயர் உண்டு, பிள்ளைக்கும் உண்டு. இனத்தோடு நின்றுபோன குறிப்பைத் தாண்டி ஆளிடம் போய்ச் சேர்வதுதான் இந்த வேலை, அதற்கே இனங்காணல் என்று பெயர் வைத்தால் சரிவராது.

அடையாளங்காணலில் எனக்குள்ள சிக்கல் அதன் எதிர்ப்பதம். 'அடையாளம் தெரியாத' என்றதும் நம் பத்திரிகைகளில் அடுத்து வரும் சொல் சடலம், இல்லாவிட்டால் மர்ம நபர், இல்லாவிட்டால் மோதிவிட்டுப் போன வாகனம். நூற்றுக்கணக்கான படங்களுக்குக் கீழே 'அடையாளம் தெரியாத பெண்' என்று எழுதிக்கொண்டே போக எனக்குக் கை வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் அந்தப் பெண்ணைத் தெரியும், குறிப்பு எழுதியவர் கேட்கவில்லை, குறை பதிவில்தான் இருக்கிறது. அதனால் 'பெயர் பதியப்படாதவர்' என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் உண்மை அதுதான்.

பெயரிடலை நான் எல்லாவற்றையும்விட வலுவாக எதிர்க்கிறேன். அந்த வேலைக்கு வைத்த 'ப்ராஜெக்ட் நேமிங்' என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்தால் அந்தச் சொல் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழில் பெயரிடுவது என்றால் இல்லாத பெயரை வைப்பது. அதைக் கனடா அரசாங்கம் அந்த மக்களுக்கு ஏற்கெனவே செய்துவிட்டது. குடும்பப் பெயர் இல்லை, உச்சரிக்க வரவில்லை என்று 1941 முதல் ஆளுக்கொரு எண் கொடுத்து, அதை நாணயம் போன்ற சிறு வில்லையில் பொறித்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கிழக்கே இருப்பவர் எண்ணுக்கு முன் 'ஈ', மேற்கே இருப்பவர் எண்ணுக்கு முன் 'டபிள்யூ'. அப்புறம் 1970ஐ ஒட்டி ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு வீட்டிலும் குடும்பப் பெயர் கேட்டுப் பதிந்த பிறகுதான் எண்கள் கழிந்தன. இத்தனையும் நடந்த இடத்தில் இன்னொரு முறை நாமும் 'பெயரிட' வேண்டாமே.

என் பரிந்துரை பெயரறிதல். அறிந்தவரிடம் கேட்டு அறிகிறோம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. கணினி செய்யும் முகமறிதலோடு ஓசையில் ஒட்டியும் பொருளில் விலகியும் நிற்கிறது. வினையாக்கவும் எளிது: பெயரறிந்த படம், பெயரறிய வேண்டிய படம்.

படத்தில் உள்ள இடம், காலம், நடக்கும் வேலை ஆகியவற்றுக்கு சூழலறிதல் என்று தனியாக வைக்கலாம், ஏனென்றால் அதற்குப் பார்க்கும் கண்ணே வேறு. தாய்மார் குழந்தையை முதுகில் வைத்துக்கொள்ளும் அமவுட்டி என்ற மேலங்கியின் வெட்டும் மணிவேலையும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், தைத்துப் பழகியவர்கள் அதைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். பின்னால் சி. டி. ஹௌ கப்பல் நின்றால் படம் 1950க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, காசநோய்க்கு எக்ஸ்ரே எடுக்க அது கிழக்கு ஆர்க்டிக்குக்கு வரத் தொடங்கியதே அந்த ஆண்டுதான்.

இன்னொன்று, விவரக்குறிப்பில் பெயர் என்ற கட்டம் மட்டும் போதாது. இறந்துபோன உறவினர் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது அவர்கள் வழக்கம், அதில் ஆண் பெண் வேறுபாடும் பார்ப்பதில்லை. ஆகவே ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அதே பெயரைப் பாதிரியார் ஒரு மாதிரியும் போலீஸ்காரர் ஒரு மாதிரியும் ரோமன் எழுத்தில் எழுதிவைத்திருப்பார்கள். அதனால் 'உறவு', 'பெயர் வடிவங்கள்', 'அறிந்து சொன்னவர்' என மூன்று கட்டங்களும் வேண்டும். பழைய குறிப்பை அழிக்காமல் 'மூலக் குறிப்பு' என்று தனியே வைத்துக்கொள்வோம்.

'அறிந்து சொன்னவர்' என்பதற்குத் 'தகவலாளி' போடலாம் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு அது போலீஸ் உளவு மாதிரி கேட்கிறது. வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். பெயரறிதலுக்கு மறுப்பு இருந்தாலும் காரணத்தோடு எழுதுங்கள், சொற்பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பேசிவிடலாம்.