பெருமூளை வாதம் உள்ள மகள்: பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா?

தேன்மொழி:
மகளுக்குப் பெருமூளை வாதம், உடல் அசைவைப் பாதிக்கும் மூளைக் குறைபாடு. நடை தள்ளாடும், கை மெதுவாகத்தான் எழுதும். கணக்கில் கெட்டி. பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். "மத்தப் பிள்ளைங்க தள்ளிவிட்டா யார் பொறுப்பு? சிறப்புப் பள்ளிதான் பாப்பாவுக்குப் பாதுகாப்பு" என்று அனுப்பிவிட்டார் தலைமையாசிரியர். சொந்தக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:
அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வகுப்பில் 52 பேர். பாடத்தை முடிக்க வேண்டும், தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் அரசு மையம்) வரும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்கிறார். அவர் வராத நாளில் குறைபாடு உள்ள பிள்ளையை ஓரமாக உட்கார வைக்கத்தான் என்னால் முடிகிறது. பயிற்சி பெற்றவர்கள் இருக்கிற இடமே மேல் என்று மனசாரச் சொல்கிறேன்.

நிலவன்:
சார், ஆள் பற்றாக்குறை உண்மைதான். தொடக்க வகுப்புகளில் குறைபாடு உள்ள 10 மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் அப்படி 15 பேருக்கு ஒருவர் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எத்தனை பள்ளியில் அப்படி இருக்கிறார்கள்? அதை அரசிடம் சண்டை போட்டுக் கேட்போம். அதற்காகப் பிள்ளையை வெளியே அனுப்புவதா?

இன்னொன்று. கணக்கில் கெட்டி என்று அம்மா எழுதியிருக்கிறார். நீங்கள் கணக்கு வாத்தியார். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குறைபாடு என்றதுமே வகுப்பின் ஓரம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் ஒரு பேச்சாளர், முற்பிறவிப் பாவம்தான் உடற்குறைக்குக் காரணம் என்ற பொருளில் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேட்டார். ஊரே கொதித்தது, பேசியவர் கைதானார். பரிதாபப்பட்டு, எதையும் எதிர்பார்க்காமல் ஒரு பிள்ளையை வருஷம் முழுக்கச் சும்மா உட்கார வைத்தால் யாரும் கொதிப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது.

கைமொழி:
நிலவன் சொல்வதை முழுக்க ஏற்க மாட்டேன். எனக்குக் காது கேட்காது. சின்ன வயதில் ஊர்ப் பள்ளியில்தான் இருந்தேன். அங்கே ஒருவருக்கும் சைகை மொழி தெரியாது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவேன், என்ன எழுதினேன் என்று புரியாது. காது கேளாதோர் பள்ளிக்குப் போன பிறகுதான் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டேன், தோழிகளோடு சண்டை போட்டேன். சிறப்புப் பள்ளி என்றாலே ஒதுக்கிவைப்பது என்று பேசாதீர்கள், அது எங்களைப் புண்படுத்துகிறது.

நிலவன்:
நீங்கள் சொல்வது நியாயம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவும் அதற்கு இடம் தருகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு இலவசக் கல்வி: பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, அவர்கள் விருப்பப்படி. தலைமையாசிரியரின் விருப்பப்படி என்று அதில் இல்லை.

கைமொழி:
தேன்மொழி அக்கா, பாப்பாவிடம் கேட்டீர்களா?

தேன்மொழி:
கேட்டேன்மா. எதிர்வீட்டுத் தோழி படிக்கிற பள்ளிதான் வேண்டுமாம்.

கணக்கு வாத்தியார்:
போதிய ஆள் போடாமல் சேர்த்தால் பிள்ளைக்குத்தான் கஷ்டம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் பாப்பாவே கேட்கிறாள் என்றால் மனுவை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வகுப்பு மாடியில் இருந்தால் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மருத்துவச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்டு விண்ணப்பிக்க அது வேண்டும். கணக்கில் வாய்மொழியாக எதுவரை போடுகிறாள் என்று எழுதுங்கள், அவளுக்கு ஏற்ற கணக்குகளை நான் அனுப்புகிறேன்.