ராப் வாக்கர் லோட்டஸ் 18: உண்மையிலேயே பிரைவேட் டீமா, இல்ல காசுக்காரர் விளையாட்டா?

பழைய டயர்:
ராப் வாக்கரோட லோட்டஸ் 18 ஜெயிச்ச 1961 மொனாக்கோ ஃபார்முலா 1 ரேஸ் பத்தி எங்க பேச்சு வந்தாலும் "தனி ஆளு ஃபெராரியவே சாய்ச்சாரு"ன்னு உருகுறாங்க. வாக்கர் யாரு, ஜானி வாக்கர் விஸ்கி குடும்பத்து வாரிசு. ஓட்டுனது ஸ்டெர்லிங் மாஸ். இதுல ஏழை எங்க இருக்கான்?

கியர்மணி:
பிரைவேட்னா ஏழைன்னு யார் சொன்னா அண்ணே? கார் செய்ற கம்பெனி இல்லாம காச குடுத்து காரை வாங்கி ஓட்டுறவன்தான் பிரைவேட். அதுவும் வாங்குனது முந்தின வருஷத்து மாடல், ஏன்னா கார் செய்ற லோட்டஸ் கம்பெனிக்கு எஸ்ஸோ பெட்ரோல் கூட ஒப்பந்தம், வாக்கர் போட்டி கம்பெனி பி.பி. பெட்ரோல் ஆளு, அதனால புது லோட்டஸ் 21 அவருக்குக் கிடைக்கல. நாலு சிலிண்டர் கிளைமாக்ஸ் இன்ஜின், எதிர்ல ஃபெராரி வி6. ஸ்டார்ட்டுக்கு சித்த நேரம் முன்னாடி சேசிஸ் (காரோட எலும்புக்கூடு) குழாய்ல விரிசல்னு தெரிஞ்சு, டேங்க் ஃபுல்லா பெட்ரோல் இருக்கும்போதே பக்கத்துல ஈரத்துணிய சுத்திவெச்சுட்டு மெக்கானிக் ஆல்ஃப் பிரான்சிஸ் வெல்டிங் வெச்சாரு, நினைச்சாலே வயித்த கலக்குது. சூடு தாங்கணும்னு சைடு பேனலையும் கழட்டிட்டாங்க. 100 லேப்பு, கடைசில ஃபெராரி ஓட்டுன ரிச்சி கிந்தர் 3.6 செகண்ட் பின்னாடி.

பழைய டயர்:
அந்த புது 120 டிகிரி வி6 கிந்தர் காருக்கு மட்டும்தான் இருந்துச்சு, மத்த ஃபெராரி டிரைவருங்க ஃபில் ஹில்லுக்கும் வான் டிரிப்ஸுக்கும் பழைய இன்ஜின், அத ஏன் யாரும் சொல்ல மாட்றீங்க? அதுவும் மொனாக்கோ சந்து பொந்து, அங்க பவர் பெருசா வேலை செய்யாது. அப்புறம் பேப்பர்ல பிரைவேட்னு போட்டா போதுமா? அதே வருஷம் பிரான்ஸ் ரெய்ம்ஸ் ரேஸ்ல பகெட்டி ஓட்டி ஜெயிச்ச ஃபெராரியும் இத்தாலி கிளப்புகளோட கூட்டமைப்பு பேர்லதான் வந்துச்சு.

வளைவு33:
ரெண்டும் ஒண்ணா பாஸ்? ஃபெராரி தானே குடுத்தனுப்புன கார் அது. லோட்டஸுக்கு முன்னாடி கூப்பர் கார் வெச்சிருந்தப்ப வாக்கருக்கு அந்தக் கம்பெனிகிட்ட இருந்து கியர்பாக்ஸே ஒழுங்கா கிடைக்காம, கியர்பாக்ஸ் செய்ற இத்தாலி கொலோட்டிகிட்ட போனாரு, 1959 அமெரிக்கா செப்ரிங் ரேஸ்ல முன்னாடி போய்ட்டு இருக்கும்போது அது உடைஞ்சுதான் மாஸுக்கு சாம்பியன்ஷிப் போச்சு. லோட்டஸுக்கு முதல் கிராண்ட் பிரி வெற்றியே 1960 மொனாக்கோல வாக்கர் கார்தான் வாங்கிக் குடுத்துச்சு, லோட்டஸோட சொந்த டீமுக்கு 1961 கடைசில அமெரிக்கா வாட்கின்ஸ் கிளென் ரேஸ் வரைக்கும் ஒண்ணும் இல்ல.

பழைய டயர்:
எல்லாம் மாஸ் கை. வேற ஆள உக்கார வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

கியர்மணி:
1968 இங்கிலாந்து பிராண்ட்ஸ் ஹாட்ச் ரேஸ், வாக்கர் கார்ல ஜோ சிஃபெர்ட் ஜெயிச்சாரே.

பழைய டயர்:
அது லோட்டஸ் 49பி, கம்பெனி டீம் ஓட்டுன அதே மாடல் தம்பி!

கியர்மணி:
அப்போ ஒரே மாதிரி கார் குடுத்தா வாக்கர் ஜெயிப்பாருன்னு நீங்களே சொல்லிட்டீங்க 😄