சென்னையிலிருந்து கோவைக்குக் குடிபோறோம்: எதை விடுவது?

கேள்வி: மூணு பெட்ரூம் வீட்டுச் சாமான் ரெண்டு பெட்ரூமுக்குள் அடங்கணும். எதை ஏத்தலாம், எதை இங்கேயே கழிக்கலாம்?

பதில் 1: பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை) அலமாரி, கட்டிலை விட்டுடுங்க. ஒருமுறை கழற்றினா ஸ்க்ரூ துளை உதிரும். மறுபடி பூட்டினாலும் கதவு தொங்கும். தேக்கு, ஸ்டீல் பீரோ தாராளமா ஏத்தலாம். பாத்திரம் விற்கிறதா இருந்தா எவர்சில்வர், பித்தளை, அலுமினியம்னு பிரிச்சு எடை போடுங்க. கலந்து போட்டா மலிவான விலைதான் கிடைக்கும்.

பதில் 2: ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷினுக்கு, வாங்கினப்போ கழற்றிய டிரான்ஸிட் போல்ட்டைத் தேடி மாட்டுங்க. இல்லேன்னா வழியெல்லாம் டிரம் ஆடி சஸ்பென்ஷன் போயிடும். ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைச்சு, ஐஸ் உருகினதும் துடைச்சு, நிமிர்த்தியே ஏத்துங்க. படுக்க வெச்சா கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் போயிடும்.

பதில் 3: காஸ் சிலிண்டரை லாரியில் ஏத்தவே கூடாது. ரெகுலேட்டரோட ஏஜென்சியில் ஒப்படைச்சா டெபாசிட் திரும்பும். அவங்க தர்ற டெர்மினேஷன் வவுச்சரைக் காட்டி கோவையில் இணைப்பு வாங்கலாம். இன்னொண்ணு: காலியான இடத்துக்கு உடனே சோபா வாங்காதீங்க. ஒரு மாசம் பாய் விரிச்சு உட்காருங்க. காத்தும் வெளிச்சமும் எந்தப் பக்கம்னு தெரிஞ்சா, அந்த மூலை வீணை வாசிக்கவோ தையல் மெஷின் போடவோ உதவும்.