ரேஷன் அரிசி நிற்கவில்லை; பிறகு ஏன் வீடுகளில் உணவு குறைந்தது?

கேள்வி – கொருக்குப்பேட்டைக்காரர்
வடசென்னையில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு பணியாற்றுகிறேன். 2020 மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, வீட்டு வேலை செய்தவர்களும் இட்லிக் கடை போட்டவர்களும் சுமை தூக்கியவர்களும் ஒரே வாரத்தில் வருமானமின்றி நின்றார்கள். ரேஷன் அரிசி தடையின்றிக் கிடைத்தது. அப்படியிருந்தும் பல வீடுகளில் இரவுச் சமையல் நின்று, மதியம் வடித்த சோற்றிலேயே தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டார்கள். இத்தகைய நோய்க்காலம் மறுபடி வந்தால் குழு எதற்கு முன்னுரிமை தர வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் – நியாயவிலைக் கடை ஊழியர் (ஓய்வு)
ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், விலையின்றி அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தரப்பட்டன. கூட்டம் சேராமலிருக்க நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டிலேயே கொடுத்தோம். மத்திய அரசின் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியமும் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. ஆகவே அரிசிக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. ஆனால் அந்த 1,000 ரூபாய் வாடகைக்கே போதவில்லை. காய்கறியும் பாலும் ரொக்கம் கேட்கும் பொருள்கள். அதிலும் மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது காய்கறி விலை ஏறியது. எனக்கு இன்றும் வருத்தம் தருவது சர்க்கரை அட்டை வைத்திருந்தவர்களின் நிலை. நல்ல சம்பளம் இருந்த காலத்தில் அரிசி வேண்டாமென்று எழுதிக் கொடுத்த தனியார் நிறுவன ஊழியர்கள், வேலை போனபின் அந்தப் பணத்துக்கும் உரியவர்களாக இல்லை. அட்டையைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்த வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு உதவக்கூடியது, வேறு மாநில அட்டைக்கும் இங்கே பொருள் தரும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம்; அதில் தமிழ்நாடு 2020 அக்டோபரில்தான் சேர்ந்தது. பசி மிகுந்திருந்த மாதங்கள் அதற்குள் கடந்துவிட்டன.

பதில் – ஊட்டச்சத்துப் பணியாளர்
பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வருமானம் நின்ற வீட்டில் முதலில் குறைவது சோறு அல்ல. முட்டை, பால், பருப்பு, கீரை என்ற வரிசையில் தட்டு சுருங்குகிறது. வயிறு நிறைவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. பள்ளி நாள்களில் மதிய உணவோடு வாரத்துக்கு ஐந்து முட்டை உண்ட குழந்தைக்குப் பள்ளி மூடியதும் அது நின்றது. பின்னர் அரிசியும் பருப்பும் உலர் பொருளாக வீட்டுக்கு வந்தாலும், அது அந்தக் குழந்தைக்கென்று தனியே நிற்காமல் வீட்டுப் பானைக்குள் கலந்துவிட்டது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நான் பார்த்த வீடுகளில் அம்மாக்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, குழம்பு தீர்ந்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்கள். கணக்கெடுக்கும்போது “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும், “என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள்.

பதில் – குழுக் கணக்காளர்
கடனை யாரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் வட்டி நிற்கவில்லை. ஆகவே வேலை திரும்பியபோதும் கைக்கு வந்த கூலியின் ஒரு பகுதி நேராகத் தவணைக்குப் போனது. அடகு நகையை மீட்க வேண்டியவர்களுக்கு அந்தச் சுமையும் சேர்ந்தது. ஊரடங்கு தளர்ந்த பிறகும் பல மாதங்கள் சமையல் பழைய நிலைக்குத் திரும்பாததற்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து. 2021இல் இரண்டாம் அலையின்போது மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாக 4,000 ரூபாயும், 14 மளிகைப் பொருள்களும் வந்தது உண்மையிலேயே பெரிய உதவி. உங்கள் குழுவுக்கு என் யோசனை: தானியம் சேர்த்து வைக்க வேண்டாம், அதை ரேஷன் கடை பார்த்துக்கொள்ளும். குழுவின் சேமிப்பில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, வேலை நின்ற முதல் வாரத்திலேயே வட்டியின்றிக் கையில் கொடுங்கள். அட்டை இல்லாத வீடுகளின் பட்டியலை இப்போதே எடுத்து, விண்ணப்பிக்க உதவுங்கள். நோய் வந்தபின் அதற்கு நேரமிருக்காது.