இணைச்சீர் செய்கிற ஊரில் தங்கைக்குத் தோட்டத்தில் பங்கு

நொய்யல்கரை:
கொங்குக் கல்யாணத்தில் சடங்குகளைச் செய்து வைக்கும் அருமைக்காரர் இணைச்சீர் நடத்தும்போது, கூறைப்புடவையால் மாப்பிள்ளையோடு இணைப்பது அவருடைய உடன்பிறந்தவளை. பொறந்த வீட்டில் அவளுக்கு உரிமை உண்டு என்றுதான் அதற்குப் பொருள் சொல்கிறோம். அப்பா காலமானதும் அவளையே, தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூட்டிப் போகிறோம். பங்கு கேட்பது மானக்கேடு என்று அவளே நினைக்கிற மாதிரி வளர்த்தது யார்?

பொங்கலூர்க்காரன்:
ஏனுங்க, நிலம் ஒரு தடவை பிரித்தால் முடிந்தது. சீர் அப்படியா? காதுகுத்து, திரட்டி (பூப்புச் சடங்கு), கல்யாணம், எழவு வரைக்கும் தாய்மாமன் வந்து நிற்கணும். தவிர நாலு ஏக்கர், ஒரு கிணறு, ஒரு மின் இணைப்பு. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணியும் நாலு மண்டலத்துக்கு முறை வைத்து வருவது. மூணு துண்டாக்கினால் வெள்ளாமை கட்டாது.

நொய்யல்கரை:
மூணு பேரும் அண்ணன் தம்பி என்றால் மட்டும் கட்டுகிறதே! கிணற்றில் மூன்றில் ஒரு பாகம், முறைத்தண்ணி, வண்டித்தடம் எல்லாம் பாகப் பத்திரத்தில் ஒழுங்காக ஏறுகிறது.

பத்திர எழுத்தர், பவானி:
அப்பா சுயமாகச் சம்பாதித்ததை அவர் யாருக்கும் உயில் எழுதலாம். உயில் இல்லையென்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகளுக்குச் சம பங்கு. அப்பாவைப் பெற்ற தாய் இருந்தால் அவருக்கும். பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளுக்கு உரிமை தந்தது, அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு கிடையாது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அசைக்க முடியாது.

விடுதலைப் பத்திரம் கெடுவது சொத்து விவரத்தில்தான். ‘இதர சொத்துகள் உட்பட’ என்று ஒரு வரி சேர்ந்தால், பேச்சில் வராத நிலமும் போய்விடும். சர்வே எண்ணைப் பட்டாவோடும் வில்லங்கச் சான்றோடும் ஒத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏமாற்றியது தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

பொங்கலூர்க்காரன்:
சட்டம் சரிங்க. பங்கு வாங்கினவள் மகளுக்குச் சீர் வரும்போது மாமன் வரலைன்னா, எந்தக் கோர்ட்டுக்குப் போறது?

நொய்யல்கரை:
நான் முதலில் கேட்டதற்கு இதுதானுங்க பதில். அந்தப் பயம்தான் கையெழுத்து வாங்குகிறது. ஈரோட்டுப் பெரியாரின் இயக்கம் 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. சட்டமாக 60 வருஷம் ஆனது, சபையில் இன்னும் ஏறவில்லை. அப்பா இருக்கும்போதே பாகம் எழுதுங்க. அவளுக்கு நிலம் வேண்டாமென்றால் சந்தை விலையைக் கொடுத்து, தொகையைப் பத்திரத்திலேயே காட்டுங்க. மாமன் சீர் தனி.

பொங்கலூர்க்காரன்:
பணமாக என்றால் பேசலாம். வெள்ளாமை எடுத்துக் கட்ட 3 வருஷத் தவணை வேணும்.

பத்திர எழுத்தர், பவானி:
தவணை முடிந்த பிறகு விடுதலைப் பத்திரம் பதியுங்கள், முன்னால் வேண்டாம்.